துண்டு துண்டாக வந்த ட்ரோன்

ஏம்பலத்தில் பச்சையப்பன் ட்ரோன் வாங்கியிருக்கிறான் என்ற செய்தி, பெட்டியைப் பிரிப்பதற்கு மூன்று நாள் முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கொரியர்காரர் வீடு தெரியாமல் டீக்கடையில் நின்று பெட்டியைக் காட்டி விசாரித்ததுதான் காரணம். வியாழக்கிழமை வந்த பெட்டி ஞாயிறு வரை சாமி படத்துக்குக் கீழேயே இருந்தது. மனைவி செல்வகுமாரிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. கரண்ட்டில் ஓடுகிற சாமான் எது வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அவள் கைதான் படவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அவள் இல்லாதபோது பிரிக்கப் பச்சையப்பனுக்குத் துணிச்சலும் இல்லை.

அவனுக்கு ட்ரோன் ஆசை வந்தது கரும்பால். இரண்டு காணியில் கரும்பு வைத்திருக்கிறான். எட்டாம் மாதத்துக்கு மேல் கரும்பு ஆளை மறைத்துவிடும். வரப்பில் நின்று பார்த்தால் ஓரத்துச் சால்கள்தான் தெரியும். நடுவில் சாய்ந்து கிடக்கிறதா நிற்கிறதா என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். போன வருஷம் ஐப்பசிக் காற்றில் நடுக்கொல்லை மொத்தமும் படுத்துவிட்டது, வெட்டு ஆள் உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. இந்தக் கோடையில் பக்கத்துக் கொல்லைக்கு மருந்தடிக்க வாடகை ட்ரோன் வந்தபோது, அதை ஓட்டியவன் தன் கையிலிருந்த திரையில் பச்சையப்பனின் கரும்பை மேலிருந்து காட்டினான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. ஒரு நாள் போனில் படம் பார்த்து, பிடித்துப்போய், யாரிடமும் கேட்காமல் ஆர்டர் போட்டுவிட்டான்.

செல்வகுமாரிக்கு அந்த வாரம் ட்ரோன் நினைப்புக்கு இடமில்லை.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்தொரு வருஷமாக ஏழாம் நம்பர் மேசையில் உட்கார்ந்து சால்டரிங் செய்கிறாள். ஆறாம் நம்பரிலிருந்து ஒரு போர்டு நகர்ந்து வரும்; அதில் ஒரு பிளக்கின் நாலு காலுக்கு ஈயம் வைத்து எட்டாம் நம்பருக்குத் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த நாலு காலை அவள் கண்ணை மூடிக்கொண்டு வைப்பாள். ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு போர்டு. மகள் தென்றல் வயிற்றில் இருந்தபோதும் வைத்தாள், தென்றலைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த மறுவாரமும் வைத்தாள். ஆனால் அந்த போர்டு கடைசியில் எந்த மெஷினுக்குள் போகிறது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஏழாம் நம்பருக்கு அது தேவையுமில்லை.

இப்போது அந்த மேசைகளுக்குப் பதிலாக ஒரு மெஷின் வரப்போகிறது. லைனில் இருக்கும் பன்னிரண்டு பெண்களில் எட்டுப் பேருக்கு பேக்கிங்கில் இடம் உண்டு, முதலில் கேட்பவர்களுக்கு முதலில். ரீவொர்க் மேசையில் ஒரே ஒரு இடம். பழுதான போர்டில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சரி செய்கிற மேசை அது. அதற்கு டெஸ்ட் உண்டு: ஒரு கெட்ட போர்டைக் கொடுப்பார்கள், நாற்பது நிமிஷத்தில் கோளாறைப் பிடிக்க வேண்டும். டெஸ்டுக்குப் பேர் கொடுத்தவர்களுக்கு பேக்கிங்கில் இடம் ஒதுக்கமாட்டார்கள். தோற்றால் வீடுதான்.

லைன் லீடர் ஜெயசுதா சனிக்கிழமை சாயங்காலம் வேனில் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் சொன்னாள். "திங்கக்கெழம காலையில லிஸ்ட் போவுதுக்கா. நாளைக்கு நாலு மணிக்குள்ள எனக்குப் போன் பண்ணி ரெண்டுல ஒண்ணு சொல்லிடு. டெஸ்டுக்கு டிப்ளமா முடிச்ச ரெண்டு பொண்ணுங்க பேர் குடுத்திருக்குதுங்க."

"நீ இன்னா சொல்ற?"

"நான் இன்னாக்கா சொல்றது. உன் கை மாதிரி கை கம்பெனியிலயே கெடையாது. ஆனா கோளாறு கண்டுபுடிக்கிறது வேற வேலயாச்சே."

அது செல்வகுமாரிக்கும் தெரிந்ததுதான். இருபத்தொரு வருஷத்தில் அவள் ஒரு கோளாறைக்கூடத் தேடியதில்லை. பேக்கிங் என்றால் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும். அவளுக்கு இடது முட்டி ஏற்கெனவே மழைக்காலத்தில் வலிக்கும். ஆனால் முட்டியைவிட, ஈயம் தொட்ட கையால் டேப் ஒட்டுவதை நினைத்தால்தான் அவளுக்கு என்னவோபோல் இருந்தது. பச்சையப்பனிடம் சொன்னபோது அவன் சோற்றிலிருந்து தலை நிமிராமல், "பேக்கிங்குக்கே போயிடு. எதுக்கு ரிஸ்க்கு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பெட்டியைப் பிரித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் வந்துவிடும் என்று பச்சையப்பன் அவசரப்பட்டான். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்துப் போட்டாள் செல்வகுமாரி. வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கம்பெனியில் போர்டைத் தொடுவதற்கு முன் மணிக்கட்டில் ஒரு வார் கட்டுவார்கள், உடம்பிலிருக்கும் கரண்ட் போர்டுக்குப் போகாமல் இருக்க. இங்கே அது இல்லாததால் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பச்சையப்பன் அதைக் கும்பிடு என்று நினைத்துத் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பிளேடால் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்ததும் அவன் எட்டிப் பார்த்தான். அவன் எதிர்பார்த்தது நாலு விசிறியோடு முழுசாக உட்கார்ந்திருக்கும் ஒரு ட்ரோனை. உள்ளே இருந்தவை பாலிதீன் பைகள். சிவப்பில் இரண்டு, வெள்ளையில் இரண்டு பிளாஸ்டிக் கைகள். பச்சையில் இரண்டு தட்டுகள். பம்பரம் அளவில் நாலு மோட்டார். மூன்று மூன்று ஒயராகத் தொங்கும் சின்னச் சின்ன போர்டுகள். விசிறி இலைகள். ஒரு ரிமோட், ஒரு பாட்டரி. ஒரு பை நிறையத் திருகாணி.

"இன்னாடி இது?" என்றான். "ஒடைஞ்சி பூடுச்சா?"

"ஒடையல. இப்டித்தான் வரும். கிட்டுன்னு போட்டிருக்குது பாரு."

"கிட்டுன்னா பையோட தர்றதுன்னு நெனச்சேன். டூல் கிட்டு மாதிரி."

"நாமதான் சேக்கணும்."

"நாமன்னா?"

செல்வகுமாரி எழுந்தாள். சமையலறைக்குப் போய் இட்லித் தட்டு இரண்டைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தாள். திருகாணிகளை நீளவாரியாகப் பிரித்துக் குழிக்கு ஒரு வகையாகப் போட்டாள். வேலை தொடங்கும் முன் லிஸ்ட்டை வைத்து எண்ணிச் சரிபார்ப்பது கம்பெனிப் பழக்கம். அவள் வீட்டில் கத்திரிக்காயைக்கூட எண்ணித்தான் அரிவாள்மணையில் வைப்பாள். ரிமோட்டோடு சேர்த்து இருபத்தெட்டு உருப்படி. திருகாணி ஐம்பத்திரண்டு. லிஸ்ட்டில் ஐம்பது. இரண்டு கூடுதல்.

"கேமரா எங்க?" என்றான் பச்சையப்பன்.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்ல. அது தனியா வாங்கணும் போலகீது."

"அப்ப கரும்ப எப்டிப் பாக்கறது?"

"அதான் தெரியல."

இந்த இடத்தில்தான் சாமிநாதன் வந்தான். பச்சையப்பனுக்குப் பங்காளி முறை, இரண்டு வீடு தள்ளி இருப்பவன். வாசற்படியிலேயே நின்று பார்த்தான்.

"இன்னாண்ணே, பழைய இரும்புக் கடை வெச்சிட்டியா?"

"உள்ள வந்து மூடிக்கினு ஒக்காரு."

"இல்லண்ணே, பறக்குறதப் பாக்கலாம்னு வந்தேன். இட்லித் தட்டுல வேற போட்டு வெச்சிருக்கிறீங்க. வெந்த பிறகு கூப்பிடுங்க, சட்னியோட வர்றேன்."

"கேமரா கெடையாதாண்டா" என்றான் பச்சையப்பன், அவனிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்வதுபோல.

சாமிநாதன் சிரித்த சிரிப்பில் கொல்லைப்புறத்துக் கோழி ஓடியது. "அப்ப குருட்டு ட்ரோனா? அண்ணி, நீங்க கம்பெனியில எத்தினி செஞ்சிருப்பீங்க, இத ஒரு வழி பண்ணுங்க."

"நான் செஞ்சது நாலு கால்தான் தம்பி" என்றாள் செல்வகுமாரி. "மத்தத ஆரு செஞ்சாங்கன்னு எனக்கே தெரியாது."

அவன் போனதும் அவள் அடுப்பில் குழம்பைப் பார்க்கப் போனாள். ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது பச்சையப்பன் ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டு, வேட்டியின்மேல் பரப்பியிருந்த உருப்படி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தான். சந்தனத்தின்மேல் குங்குமம். மோட்டாருக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, பாட்டரிக்கு ஒன்று. பச்சைத் தட்டுக்கு நட்ட நடுவில், கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் இடையில், ஈரமாக ஒன்று.

"ஏங்க, இன்னா பண்ணி வெச்சிருக்கிறீங்க?"

"பொட்டு வெச்சேன்."

"போர்டு மேல ஆராவது பொட்டு வெப்பாங்களா?"

"பம்புசெட்டுக்கு வெச்சோம், மிக்சிக்கு வெச்சோம், டிவிக்கு வெச்சோம். அப்பல்லாம் நீ வாயத் தொறக்கல. ஒண்ணா வந்திருந்தா ஒரே பொட்டோட முடிஞ்சிருக்கும். பிச்சிப் பிச்சி அனுப்பிக்கிறான். எது மேல வெக்கிறது, எத வுடுறது?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தட்டை மட்டும் கையில் எடுத்தாள். கீழ்த்தட்டு அது. பார்க்க ட்ரோனின் அடிப்பலகை மாதிரி இருந்தாலும், பாட்டரியின் கரண்ட் இதற்குள் ஓடித்தான் நாலு மோட்டாருக்கும் பிரிந்து போக வேண்டும். செய்முறைத் தாளில் இருந்த இங்கிலீஷ் அவளுக்கு எழுத்துக் கூட்டினால்தான் வரும், ஆனால் படம் புரிந்தது. ஈயம் வைப்பதற்கு முன்னால் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு படம். மீட்டரின் ஒரு கம்பி கூட்டலில், இன்னொன்று கழித்தலில். பக்கத்தில் மணி வரைந்து அதன்மேல் குறுக்கே கோடு. மணி அடிக்கக் கூடாது.

பச்சையப்பன் பம்புசெட்டுக்கு வைத்திருந்த மீட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். பீப் என்றது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பீப்.

"இன்னா?" என்றான்.

"ரெண்டும் ஒட்டிக்கினு கீது. இப்டியே பாட்டரியக் குடுத்தா எரிஞ்சிடும்."

பச்சையப்பன் கிண்ணத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிவிட்டது. "என் பொட்டாலயா?"

"இருக்கலாம். மெடிக்கல்ல போயி ஸ்பிரிட்டு ஒரு பாட்டில் வாங்கியாங்க."

அவன் சைக்கிளில் போய்வருவதற்குள் அவள் தேய்ந்த டூத்பிரஷ் ஒன்றைத் தேடி வைத்தாள். ஸ்பிரிட் ஊற்றி, மஞ்சள் மஞ்சளாகக் கரைந்து வரும்வரை தேய்த்தாள். மூன்று தரம் கழுவி, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, மீட்டரை வைத்தபோது மணி பதினொன்று.

பீப்.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. சந்தனம் பாவம். ஈரச் சந்தனம் கரண்ட்டைக் கொஞ்சம் கசியவிடும்தான், ஆனால் மீட்டரை இப்படிப் பளிச்சென்று கத்தவைக்காது. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். தட்டு வரும்போதே கெட்டுப்போய் வந்திருக்கிறது. எங்கேயோ ஒரு செம்பு இழை இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எங்கே?

"திருப்பி அனுப்பிடலாம்" என்றான் பச்சையப்பன், கொஞ்சம் தெம்போடு. தன் தவறில்லை என்றானதும் அவனுக்கு நியாயம் பேச வந்துவிட்டது. "அவன் குடுத்த பொருளு கெட்டுப் போச்சின்னா அவந்தான மாத்திக் குடுக்கணும்?"

"பொட்டு வெச்சத எவன் மாத்திக் குடுப்பான்?" என்றாள். திருப்பி அனுப்பாததற்கு அது காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும். அவள் சுவரிலிருந்த கடிகாரத்தில் நாற்பது நிமிஷத்தைக் குறித்துக்கொண்டு, தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் கண்ணால் தேடினாள். நாலு மூலையிலும் இருக்கும் ஈயத் திட்டுகளை ஒவ்வொன்றாக, வெற்றிலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் பார்த்தாள். ஈயம் சம்பந்தப்பட்டவரை அவள் கண் தப்பாது. எல்லாம் சுத்தம். பிறகு போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்து ஓரங்களைப் பார்த்தாள். திருகாணித் துளைகளின் விளிம்பை ஊசிமுனையால் வருடினாள். ஒவ்வொரு இடத்தைப் பார்த்தபின்பும் மீட்டரை வைத்தாள். அது ஒவ்வொரு தரமும் கத்தியது. பச்சையப்பன் தானே சோறு போட்டுத் தின்றான். அவளுக்கும் ஒரு சோற்றுத் தட்டில் போட்டு வைத்தான். அது ஆறியது.

ஒன்றரைக்கு அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. நாற்பது நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. ஜெயசுதாவின் நம்பரை எடுத்து, பேக்கிங்கில் போட்டுக்கொள் என்று சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். தனக்கு முன்னால் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ, எட்டு இடம்தானே. எடுத்த போனைக் கீழே வைத்தாள். நாலு மணிவரை நேரம் இருக்கிறது.

முட்டி மரத்துப்போனதால் எழுந்து வாசலுக்கு வந்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தட்டு கையிலேயே இருந்தது. கண் கூசியதால் அதையே நெற்றிக்கு மேல் மறைப்பாகப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். பச்சைத் தட்டு முழுவதும் வெயில் ஊடுருவி, உள்ளே ஓடும் செம்புப் பட்டைகள் இருட்டாகவும், அவற்றுக்கு இடையிலுள்ள சந்து வெளிச்சமாகவும் தெரிந்தன. கூட்டல் பக்கத்துச் செம்புக்கும் கழித்தல் பக்கத்துச் செம்புக்கும் நடுவே அந்த வெளிச்சக் கோடு வாய்க்கால்போல வளைந்து வளைந்து தட்டைச் சுற்றி ஓடியது. அவள் அதன் ஒரு முனையிலிருந்து விரலை வைத்துப் போனாள். எங்கும் அடைப்பில்லை. வலது ஓரத்தில் மட்டும் கோடு ஒரு கரிய வட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. அந்த வட்டம் ஒரு ஸ்டிக்கர். ரூபாய்க் காசைவிடச் சின்னது. ஓகே என்று அச்சடித்தது.

காலையிலிருந்து அவள் அந்த ஸ்டிக்கரைப் பத்துத் தரமாவது பார்த்திருப்பாள். அதன் அடியில் பார்க்கலாம் என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. தோன்றாததற்கு இருபத்தொரு வருஷம் காரணம். ஓகே ஸ்டிக்கர் ஒட்டிய போர்டு முடிந்த போர்டு, அதை லைனில் இருப்பவர்கள் தொடக்கூடாது. தனக்கொடி என்று ஒருத்தி முன்பு நாலாம் நம்பரில் இருந்தாள். கோணலாக ஒட்டியிருந்ததை நேராக ஒட்டலாம் என்று ஒரு ஸ்டிக்கரைக் கிள்ளி எடுத்ததற்கு அவளை ஒரு வாரம் வெளியே உட்காரவைத்தார்கள். அதிலிருந்து அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் கை போனாலே செல்வகுமாரிக்குத் தானாக விரல் மடங்கும்.

இப்போதும் மடங்கியது. வாசலில் நின்றபடியே அவள் அதைப் பார்த்தாள். ரீவொர்க் மேசைக்கு வருகிற போர்டு எல்லாமே இந்த ஸ்டிக்கர் ஒட்டிப் போய், கெட்டுத் திரும்பி வந்தவைதான். அங்கே உட்கார்ந்தால் தினமும் இதைத்தான் உரிக்க வேண்டும்.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். பசை பிடித்திருந்தது. உள்ளேயிருந்து ஸ்பிரிட்டை எடுத்துவந்து ஒரு சொட்டு விட்டு உரித்தாள். தட்டை வெயிலுக்குத் தூக்கினாள்.

சந்தின் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு செம்பு இழை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.

"ஏங்க, பிளேடும் பிரஷும் மீட்டரும் கொண்டாங்க."

பச்சையப்பன் ஓடிவந்தான். "எங்க, எங்க" என்று கேட்டுக்கொண்டே அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்ததுபோல் தலையாட்டினான். அவள் படியில் உட்கார்ந்து, பிளேடின் முனையால் இழையை இரண்டு இடத்தில் வெட்டிச் சுரண்டி எடுத்தாள். பிரஷால் துடைத்தாள். மீட்டரை வைத்தாள்.

சத்தம் வரவில்லை. கம்பி சரியாகப் பட்டதா என்று அழுத்தி வைத்தாள். சத்தமில்லை. மீட்டரே செத்துவிட்டதோ என்று இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தாள். பீப் என்றது. திரும்பத் தட்டில் வைத்தாள். அமைதி.

"சரியாயிடுச்சா?" என்றான் பச்சையப்பன்.

"ம்."

"சாமிநாதனக் கூப்புடட்டுமா?"

"இருங்க. இன்னும் ஒரு திருகாணிகூட மாட்டல. அதுக்குள்ள அவன் எதுக்கு?"

உள்ளே போய் ஆறிய சோற்றைச் சாப்பிட்டு, கை கழுவி, கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. கண்டுபிடித்து முடித்தபோது இரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், பதினொன்றிலிருந்து மூன்று மணி நேரம். இடையில் வாசலில் நின்ற நேரத்தைக் கழிக்கலாமா என்று யோசித்து, கழிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். பிறகு ஜெயசுதாவுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுக்கா. நானே போடலாம்னு இருந்தேன். பேக்கிங்ல ஆறு எடம் ரொம்பிடுச்சி. உனக்கு ஒண்ணு புடிச்சி வெச்சிருக்கிறேன்."

"அத வேற ஆருக்காவது குடு. என் பேர டெஸ்டுல எழுதிக்க."

"யோசிச்சுதான் சொல்றியாக்கா? ஃபெயிலானா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும்."

"வூட்ல எதுனா செஞ்சி பாத்தியா?"

"ஒரு போர்டுல கோளாறு புடிச்சேன், இப்பதான்."

"பரவால்லியே! எவ்ளோ நேரம் ஆச்சி?"

"மூணு மணி நேரம்."

ஜெயசுதா சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவள்போல, "நாப்பது நிமிஷந்தான்க்கா குடுப்பாங்க" என்றாள்.

"டெஸ்டு என்னைக்கு?"

"அடுத்த மாசம் ரெண்டாந்தேதி. பத்தொம்பது நாளு இருக்குது."

"அப்ப எழுதிக்க" என்று சொல்லி போனை வைத்தாள் செல்வகுமாரி.

கூடத்தில் பச்சையப்பன் பொட்டு காய்ந்த விசிறி இலையொன்றை மோட்டார்மேல் வைத்து, விரலால் சுண்டிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதை வாங்கிப் பையில் போட்டாள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணி, அதனதன் பையில் போட்டுப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

"இன்னாடி, மூட்டை கட்ற? சேக்கலியா?"

"அப்புறம் சேக்கலாம். பம்புசெட்டு ரூம்ல கெட்டுப்போன ஸ்டார்ட்டர் போர்டு கெடக்குதில்ல, அதெல்லாம் எடுத்தாங்க. பழைய டிவி போர்டு சாமிநாதன் வூட்டு பரண்ல இருக்குன்னு சொன்னான், அதையும் கேட்டு வாங்கியாங்க. எது எது கெட்டுக் கெடக்குதோ எல்லாத்தையும்."

"அப்ப என் ட்ரோன்?"

"அதுல இருந்த கோளாறுதான் தீந்துபோச்சே" என்றாள். "எனக்குக் கெட்டதா வேணும். போயிட்டு வாங்க, நாலரைக்கு ராகுகாலம் வந்துரும்."

பச்சையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு, சாமிநாதனிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி சைக்கிளை எடுத்தான்.